ஆமென் சொல்லும் வரைக்கும்

உக்காருங்க சார். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. ஐயரம்மா காலனிக்குப் போயிருக்காவ, அஞ்சு மணிக்குள்ள வந்துருவாவ. எங்க சபைக் கமிட்டியில இருக்குத பேராசிரியரும் கூடப் போயிருக்காரு. மெட்ராஸ்லேருந்து ஒருத்தர் வருவாரு, நம்ம சபையைப் பத்திப் பத்திரிகையில எழுதப்போறாரு, நல்லாக் கவனிச்சுக்கோன்னு எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனாவ. காப்பி போடட்டா? வேண்டாமா? சரி விடுங்க, பாலும் ஒரு மாதிரியாத்தான் இருந்துது.

ஐயரம்மான்னதும் ஐயரோட வீட்டுக்காரின்னு நினைச்சிராதிய. எங்க பக்கம் பாதிரியாரை ஐயர்னு சொல்லுவோம், அவிய சம்சாரத்தை ஐயரம்மான்னு சொல்லுவோம். நாலு வருஷத்துக்கு முன்னால பொம்பளையே ஐயரா வந்து இறங்கிட்டாவ. சுகிர்தா அம்மா. ஐயருன்னு கூப்பிட வாய் வரல. அப்படியே ஐயரம்மான்னு நின்னுபோச்சு. அவிய வீட்டுக்காரரை என்னன்னு கூப்பிடணும்னு இன்னும் ஒரு முடிவுக்கு வரல, பாவம், அந்த மனுசன் யாரும் கூப்பிடாமலே திரியுதாரு.

நான் யோபு. இந்தக் கோயிலுக்குக் கோயில்குட்டி. சிரிக்காதிய சார். கோயிலைக் கூட்டி, மணியடிச்சு, பாய் விரிச்சு, கல்லறைக் குழிக்கு ஆள் பிடிச்சு, எல்லாம் பாக்குதவனுக்கு இங்க அதான் பேரு. எனக்கு அம்பத்தெட்டு வயசு. முப்பத்தோரு வருஷமாக் குட்டி. போன வருஷம் கமிட்டியில, இது சமத்துவத்துக்கு ஒத்துவராத பேருன்னு பேராசிரியர் எழுந்திரிச்சுப் பேசினாரு. இனிமே 'ஆலயப் பணியாளர்'னுதான் சொல்லணும்னு தீர்மானம் போட்டாவ. எல்லாரும் கைதட்டினாவ. தட்டி முடிச்சுட்டு, "ஏ குட்டி, டீ என்னாச்சு?"ன்னு கேட்டாரு. அதே பேராசிரியர். அதே கூட்டத்துல.

நான் சாதுவான ஆளு சார். யாரை வேணும்னாலும் கேளுங்க. என் வீட்டுக்காரிட்ட மட்டும் கேக்காதிய. அவ மகள் வீட்டுக்குப் போயி ஆறு வருஷமாச்சு, நான் அடிச்சேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதா. அடிச்சேன்னா என்ன, குடும்பம்னு இருந்தா கை ஒண்ணு ரெண்டு தடவை நீளத்தான் செய்யும். அதுக்காகக் காது கேக்காமப் போச்சுன்னு சொல்லுததெல்லாம் ரொம்ப ஓவரு.

சுவத்துல படம் இருக்கு பாருங்க. மீசை வச்சு, சட்டைப் பித்தானை மாத்திப் போட்டுக்கிட்டு. அவருதான் இசக்கிமுத்து. 'இசக்கிமுத்துவை விடுதலை செய்!' அந்தப் போஸ்டரை ஊர் பூரா ஒட்டினது நாந்தான், பசை காய்ச்சினதும் நாந்தான். கொலைக் கேசு. பதினோரு மாசமா உள்ள கெடக்காரு. அவரு கொல்லல சார். எனக்கு நல்லாத் தெரியும். எப்படித் தெரியும்னு கேக்கியளா? இருங்க, வரிசையாச் சொல்லுதேன், உங்களுக்கும் எழுத வசதியா இருக்கும்.

எங்க சபை மத்த சபை மாதிரி கிடையாது. மத்தவிய கன்வென்ஷன்னு ஜெபக்கூட்டம் போடுவாவ, நாங்க ரத்ததான முகாம் போடுவோம். குப்பை அள்ளுதவியளுக்கு மழைக்கோட்டு குடுப்போம். சாயங்காலம் காலனிப் பிள்ளைகளுக்கு டியூஷன். எங்க எவனுக்கு அநியாயம் நடந்தாலும் மறுநாள் எங்க கோயில் வாசல்ல பேனர் தொங்கும். ஏணில ஏறிக் கட்டுதவன் நான். பேனர்ல என்ன எழுதியிருக்குன்னு கூடப் பாதி நாள் படிக்க மாட்டேன்.

காலனி இருக்கே, அது பாறையடியில இருக்கு. அதுக்கு மேலதான் கல்குவாரி. மத்தியானம் ஒரு மணிக்கு வெடி வைப்பான். ஒவ்வொரு வீட்டுச் சுவரும் விரிசல். ஒரு நாள் இசக்கிமுத்துவோட அம்மா சோறு தின்னுக்கிட்டு இருந்தா. கூரையைப் பொத்துக்கிட்டு ஒரு கல்லு வந்து விழுந்துச்சு. தேங்கா அளவுதான் இருக்கும். தோள்பட்டை நொறுங்கிப்போச்சு. டியூஷனுக்குப் பாய் கொண்டுபோன நான்தான் அவளைத் தூக்கிக்கிட்டு ஓடினேன். கை தனியாத் தொங்குச்சு சார், தோலு மட்டும் பிடிச்சுக்கிட்டு. அவ அழவே இல்ல. "சோத்தை மூடி வச்சியாடா"ன்னு கேட்டுக்கிட்டே வந்தா. ஆஸ்பத்திரியில அந்தக் கையை எடுத்துட்டாவ.

இசக்கிமுத்து மனு எழுதிக் கலெக்டர் ஆபீசுக்குப் போனாரு. ஒண்ணும் நடக்கல. அப்பதான் எங்க ஐயரம்மா பிரசங்க மேடையில நின்னு சொன்னாவ, நாம போயி குவாரி ரோட்டுல உக்காருவோம்னு. டிப்பர் லாரி எங்க மேல ஏறித்தான் போகணும்னு. நாப்பது பேரு பேரு குடுத்தாவ. என்னையும் சேத்து நாப்பது. என்னை யாரும் கேக்கல, சும்மா எழுதிக்கிட்டாவ.

அதுக்கு முன்னால ரெண்டு நாள் பயிற்சி. பெங்களூர்லேருந்து ஒரு தம்பி வந்தாரு, அகிம்சைப் பயிற்சி குடுக்குதவரு. விஷயம் இவ்வளவுதான்: உக்காரணும், கையைக் கோத்துக்கிடணும், ஐயரம்மா "ஜெபிப்போம்"னு சொன்னதும் கண்ணை மூடணும், "ஆமென்" சொல்லுத வரைக்கும் திறக்கவே கூடாது. என்ன சத்தம் கேட்டாலும், எவன் மேல அடி விழுந்தாலும். கண்ணைத் திறந்து பாத்தாக் கோவம் வரும், கோவம் வந்தாக் கை ஓங்கும், அதோட போராட்டம் கெட்டுப்போகும். அதுதான் அவரு சொல்லிக் குடுத்த பாடம்.

அதைப் பழகிப் பாக்கணும்லா? அடிக்க ஒரு ரவுடி வேணும். பேராசிரியர் சுத்திப் பாத்தாரு. "குட்டி, நீ ரவுடி"ன்னாரு. கையில பேப்பரைச் சுருட்டிக் குடுத்தாவ. ரெண்டு நாளும் அதே வேலை. முப்பத்தொம்போது பேரு கண்ணை மூடி உக்காந்திருப்பாவ, நான் நடுவுல நடந்து, கத்தி, மிதிச்சு, பிடரியில பேப்பரால சாத்தணும். "உண்மையா அடிங்க, நல்லா அடிங்க"ன்னு அந்தப் பெங்களூர்த் தம்பி சத்தம் போடுவாரு. முதல்ல கூச்சமா இருந்துது. பொறவு, பொய் சொல்லக் கூடாது, நல்லாத்தான் இருந்துது சார். பேராசிரியர் பிடரியில மட்டும் நாலு அடி கூடவே போட்டேன். கண்ணை மூடிக்கிட்டுச் சிரிச்சாரு மனுசன். எனக்கு உக்காரப் பயிற்சி குடுக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல. அடிக்கத்தான் பழக்கினாவ.

அது போக, ஜெபத்துல கண்ணை மூடுத பழக்கமே எனக்குக் கிடையாது. பக்தி இல்லாம இல்ல, வேலை அப்படி. எல்லாரும் கண்ணை மூடின நேரத்துலதான் நாய் உள்ள வரும். செருப்பு களவு போறதும் அப்பத்தான். மைக்கு உறுமும், பிள்ளைகள் பீடத்துல ஏறும். யாராவது ஒருத்தன் முழிச்சுக்கிட்டு இருக்கணும்லா. முப்பத்தோரு வருஷமா நான் முழிச்சுக்கிட்டு இருக்கேன். எல்லாரோட மூடின மூஞ்சியும் எனக்குத் தெரியும் சார். தூங்குதவன் யாரு, கைக்கடிகாரத்தை ஓரக்கண்ணால பாக்குதவன் யாரு, எல்லாம் தெரியும்.

அன்னைக்கு வியாழக்கிழமை. காலையில பத்து மணி. ஊர்வலமாப் போனோம். முன்னால சிலுவை போகும், சிலுவையைத் தூக்குதது நான். தேக்கு மரம், ஆள் உசரம், அடியில இரும்புப் பூண் போட்டது. பவனிக்குத் தரையில ஊணி ஊணி நடக்க வசதியா இருக்கும். அதைத் தூக்கிக்கிட்டு நான் நிக்கணும், மத்தவிய உக்காரணும்.

காலனியிலேருந்து ரெண்டே பேருதான் வந்தாவ. இசக்கிமுத்தும், அவரு சம்சாரம் மாரிக்கனியும். மத்தவியளுக்குப் பயம், பாதிப் பேரு அதே குவாரியிலதான் கல்லு உடைக்காவ. இவிய ரெண்டு பேரும் வேதக்காரங்க இல்ல, சுடலைமாடனைக் கும்பிடுதவிய. பயிற்சிக்கும் வரல, அன்னாடம் கூலிக்குப் போனாத்தான் அடுப்பு எரியும். வந்து முன்வரிசையில ஓரமா உக்காந்துக்கிட்டாவ.

ரெண்டு டிப்பர் வந்து நின்னுது. ஒண்ணு பின்னால ஒண்ணு. முன் டிப்பர்லேருந்து ஃபோர்மேன் குமாரவேல் இறங்கினான். கையில கடப்பாரை. நல்ல உடம்பு, கழுத்து எது தலை எதுன்னு தெரியாது. "எந்திரிங்க, ரோட்டை விடுங்க"ன்னான். ஒருத்தரும் எந்திரிக்கல. டிரைவரைப் பாத்துக் கையைக் காட்டினான். டிரைவர் ஹார்ன்ல வச்ச கையை எடுக்கவே இல்ல. பின்னால நின்னவனும் சேந்துக்கிட்டான். காது கிழிஞ்சுபோச்சு சார். அந்தச் சத்தத்துக்கு நடுவுல ஐயரம்மா மைக்கைப் பிடிச்சு "ஜெபிப்போம்"னாவ.

அம்புட்டுப் பேரும் கண்ணை மூடிட்டாவ. பயிற்சின்னா பயிற்சி, ஒரு இமை ஆடல. நான் நின்னு பாக்கேன்.

குமாரவேல் முதல்ல பேனரைக் கிழிச்சான். பொறவு ஒரு பாட்டி மடியில எத்தினான். அவ கண்ணைத் திறக்கல. இசக்கிமுத்துக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியாதுல்லா, எந்திரிச்சுட்டாரு. வெறுங்கையோட எந்திரிச்சு, "எங்க அம்மா கைக்கு என்ன பதில் சொல்லுதே?"ன்னு கேட்டாரு. அவ்வளவுதான் கேட்டாரு. குமாரவேல் கடப்பாரையைச் சுழட்டி அடிச்சான். காதோரம் விழுந்துச்சு. சத்தம் ஹார்ன்ல கேக்கல, ஆனா காது பாதி பிஞ்சு கன்னத்துல ஒட்டினதை நான் பாத்தேன். மரம் சாஞ்ச மாதிரி விழுந்தாரு. ஜல்லியெல்லாம் ரத்தம். மாரிக்கனி அலறிக்கிட்டு அவரு மேல குப்புற விழுந்து மூடிக்கிட்டா. அவன் விடல சார். கால் ரெண்டையும் அகட்டி நின்னு, கடப்பாரையை ரெண்டு கையாலயும் செங்குத்தாத் தூக்கினான். அவ முதுகுக்கு நேரா. குழி தோண்டுதவன் தூக்குவானே, அப்படி.

நான் இருந்த இடத்துலேருந்து மூணு எட்டு. ஐயரம்மா அப்ப எதிராளியோட மனசைத் தொடும் ஆண்டவரேன்னு ஜெபிச்சுக்கிட்டு இருந்தாவ.

நாந்தான் சார் அடிச்சேன். சிலுவையைத் தலைகீழாத் திருப்பிப் பூண் போட்ட முனையால அடிச்சேன். பின்மண்டையில. கடப்பாரை நழுவிப் பக்கத்துல விழுந்துச்சு. அவன் முட்டி போட்டான். அதோட விட்டிருக்கணும். அவன் கையில ஒண்ணும் இல்ல, திரும்பி என்னைப் பாத்தான், கும்பிட வந்தானா பிடிக்க வந்தானா தெரியல, கையைத் தூக்கினான். நான் மறுபடியும் அடிச்சேன். முதல் அடி மாரிக்கனிக்காக அடிச்சது, அதை எங்க வேணும்னாலும் சொல்லுவேன். மத்த அடியெல்லாம் எனக்காக அடிச்சது. முப்பத்தோரு வருஷமா ஒருத்தனையும் அடிக்க முடியாம நின்னவன் சார் நான். மூணு, நாலு, அஞ்சு. மண்டை இளகுனது கைக்குத் தெரிஞ்சுது. ஜில்லுன்னு இருந்துது எனக்கு. ஆமா, நல்லா இருந்துது. அதை இப்ப நினைச்சா ராத்திரியில எந்திரிச்சு உக்காந்துக்கிடுதேன், ஆனா அன்னைக்கு நல்லா இருந்துது.

சுத்திலும் முப்பத்தொம்போது பேரு கண்ணை மூடி உக்காந்திருக்காவ. பேராசிரியர் மூஞ்சியில ரத்தம் தெறிச்சுது. வேர்வைன்னு நினைச்சுத் தோள்ல துடைச்சுக்கிட்டாரு. கண்ணைத் திறக்கல.

நான் பூணை ஜல்லியில ரெண்டு தேய் தேய்ச்சு, பழைய இடத்துல வந்து சிலுவையை நட்டமாப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ஹார்ன் நின்னுபோச்சு. அந்த டிரைவர் எல்லாத்தையும் பாத்தவன். இறங்கி ஓடிட்டான். பின்வண்டிக்காரனுக்கு முன்வண்டி மறைச்சதுல ஒண்ணும் தெரியாது. இசக்கிமுத்து மெதுவாத் தலையைத் தூக்கினாரு. மூஞ்சி பூரா ரத்தம். மயங்கிக் கெடந்த பொண்டாட்டியைத் தள்ளிட்டு, தடவித் தடவி அந்தக் கடப்பாரையை எடுத்து, அதை ஊணிக்கிட்டு எந்திரிச்சாரு. நிக்க முடியாம ஆடிக்கிட்டு நிக்காரு. கீழ குமாரவேல் கெடக்கான்.

ஐயரம்மா "ஆமென்"னாவ. எல்லாரும் கண்ணைத் திறந்தாவ.

என்ன தெரியும் அவியளுக்கு? நீங்களே சொல்லுங்க. இசக்கிமுத்து கையில கடப்பாரை, காலடியில ஒருத்தன் மண்டை பிளந்து கெடக்கான். ஐயரம்மா வாயைப் பொத்திக்கிட்டு, "ஐயோ இசக்கிமுத்து, என்ன காரியம் பண்ணிட்டீங்க?"ன்னாவ. அவரு சுத்திச் சுத்திப் பாத்துட்டு, "நானா?"ன்னு கேட்டாரு. தலையில விழுந்த அடியில அவருக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல சார். இன்னைக்கு வரைக்கும் இல்ல. எந்திரிச்சு நின்னுக்கிட்டு எதுக்கோ கேள்வி கேட்டோம்ங்கிறது வரைக்கும்தான் அவருக்குத் தெரியும்.

மூணாம் நாள் குமாரவேல் செத்துப்போனான். அதுக்குள்ள இசக்கிமுத்தை ஸ்டேஷன்ல வச்சு என்ன பாடு படுத்தணுமோ படுத்திட்டாவ. உள்ளங்காலு ரெண்டும் ரொட்டி மாதிரி வீங்கிப்போச்சுன்னு மாரிக்கனி பாத்துட்டு வந்து சொன்னா. அந்த டிரைவரும் இசக்கிமுத்துதான்னு சாட்சி சொல்லிட்டான். குவாரிக்காரனுக்கு அதுதான் தோது. மனு குடுத்தவன் உள்ள போனா காலனி வாயைத் திறக்காது. கோயில்காரனைத் தொட்டா டில்லி வரைக்கும் சத்தம் கேக்கும்.

எங்க ஆளுங்க பதறித்தான் போனாவ. நல்ல மனுசங்க சார், அதுல குறை சொல்ல மாட்டேன். கேசு எல்லார் மேலயும் பாயப் பாத்துது. உடனே வக்கீலைப் பிடிச்சு, நாப்பது பேரும் சத்தியப் பிரமாணம் எழுதிக் குடுத்தோம். "சம்பவ நேரம் முழுவதும் நான் கண்களை மூடி ஜெபத்தில் இருந்தேன், யாரையும் தாக்கவில்லை." பேராசிரியரே டைப் அடிச்சு வச்சிருந்தாரு. "குட்டி, இதுல உன் பேரு போட்டிருக்கு, கையெழுத்துப் போடு"ன்னாரு. போட்டேன். கை என்னமோ நல்லாத்தான் எழுதுச்சு.

கோர்ட்டுல அரசாங்க வக்கீல் அந்த நாப்பது கடுதாசியையும் விசிறி மாதிரி விரிச்சுப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாராம்: "நாப்பது பேரும் கண்ணை மூடியிருந்தாங்க, ஒத்துக்கிடுதேன். அப்ப கண்ணைத் திறந்திருந்தது யாரு? ஜெபம் தெரியாத ஒரே ஆம்பளை இசக்கிமுத்துதானே?" எங்க சபைக்கு அன்னைக்குத்தான் உறைச்சுது. தங்களைக் காப்பாத்த எழுதின கடுதாசியே அவரைக் கட்டிப்போட்டுருச்சு. ஐயரம்மா மூணு நாள் சாப்பிடல. பொறவுதான் இந்தப் போஸ்டர், உபவாசம், கையெழுத்து இயக்கம் எல்லாம்.

நான் சும்மா இருந்தேன்னு நினைக்காதிய. சொன்னேன் சார். எல்லார்ட்டயும் சொன்னேன். முதல்ல இதே அறையில ஐயரம்மாட்ட வந்து, "அம்மா, நாந்தான் அடிச்சேன்"னு அழுதேன். அவியளும் அழுதாவ. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "யோபு அண்ணே, நாம எல்லாரும் சேந்துதான் அந்த அடியை அடிச்சோம். இந்தச் சமுதாயமே அடிச்சது. உங்களுக்கு இருக்கிற இந்த உணர்வு பேராசிரியருக்குக் கூட வரலையே"ன்னாவ. உணர்வு இல்லம்மா, கையால அடிச்சேன்னேன். ஜெபம் பண்ணி அனுப்பிட்டாவ.

அடுத்த ஞாயித்துக்கிழமை சாட்சி நேரம். யார் வேணும்னாலும் எந்திரிச்சுத் தன் பாவத்தைச் சொல்லலாம். நான் எந்திரிச்சேன். முப்பத்தோரு வருஷத்துல முதல் தடவை. "குமாரவேலைக் கொன்னது நான், அவன் ரத்தம் என் கையில இருக்கு"ன்னேன். கோயிலே ஆமென்னு சொல்லுச்சு. பின்வரிசையில பொம்பளைக விம்முதாவ. பேராசிரியர் ஓடிவந்து கட்டிப்பிடிச்சு, "நானும்தான்! நானும் கொலைகாரன்தான்!"னு கத்தினாரு. அடுத்தடுத்து எட்டுப் பேரு எந்திரிச்சு அதே சாட்சியைச் சொன்னாவ. மறுவாரம் எல்லாருக்கும் சட்டை வந்துருச்சு, நெஞ்சுல 'நாங்களும் குற்றவாளிகளே'ன்னு அச்சடிச்சு. எனக்கு எக்ஸ்எல் சைசு குடுத்தாவ, தொளதொளன்னு இருக்கு.

ஸ்டேஷனுக்கும் போனேனே! சபையே அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு, எங்களையும் கைது செய்யுங்கன்னு போராட்டத்துக்குப் போச்சு. வரிசையில நின்னு ஏட்டையாகிட்ட, "நாந்தான் அடிச்சேன், பிடிச்சு உள்ள போடுங்க"ன்னேன். அவரு தலையைத் தூக்காம, "இருபத்தேழாவது ஆளு. பேரு, தகப்பனார் பேரு சொல்லும்"னாரு. எழுதிக்கிட்டாரு. கல்யாண மண்டபத்துல உக்கார வச்சு, எலுமிச்சை சாதம் போட்டு, நாலு மணிக்கு விட்டுட்டாவ.

சிலுவையைப் பத்திச் சொன்னியான்னு கேக்கியளா? இல்ல. அது எப்படி சார் சொல்லுதது? பீடத்துக்குப் பக்கத்துல நிக்கி, வாரவாரம் எல்லாரும் அதைப் பாத்து முழங்கால் போடுதாவ. பூண் ஓரத்துல, மரம் சேருத இடத்துல, இன்னமும் கறுப்பா இருக்கு. அதைக் கழட்டிச் சோதிச்சா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிரும். அதெல்லாம் கோயில் சாமான் சார், கமிட்டி அனுமதி வேணும்.

சரி, கேளுங்க. போன மாசம் ஒரு மத்தியானம் மாரிக்கனி வந்தா. நான் வேப்பஞ்சருகு கூட்டிக்கிட்டு இருந்தேன். ஆள் பாதியாப் போயிட்டா. கையில்லாத மாமியாரை வச்சுக்கிட்டு, கல்லு உடைக்கப் போறா, அதே குவாரிக்கு. வேற எங்க போவா? வந்து என் முன்னால நின்னா. அழுகையும் இல்ல ஒண்ணும் இல்ல.

"அண்ணாச்சி, உங்க ஆளுங்க எல்லாரும் நான் குற்றவாளி நான் குற்றவாளின்னு சட்டை போட்டுக்கிட்டுத் திரியுதாவ. எனக்கு அதெல்லாம் விளங்கல. நான் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்"னா.

கேளு பிள்ளைன்னேன்.

"அவருக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லங்காரு. அடிச்சேனோ அடிக்கலையோன்னு அவரே புலம்புதாரு. கோர்ட்டுல இலவச வக்கீல் ஒருத்தர் எங்களுக்கு வச்சிருக்காவ, அவரு சொல்லுதாரு, ஒத்துக்கிட்டா வருஷம் குறையும், ஒத்துக்கிடாமத் தோத்தா ஆயுள்னு. அவரு அடிக்கலன்னா நான் ஒத்துக்கிட விட மாட்டேன். கல்லு உடைச்சுக் கல்லு உடைச்சு மேல் கோர்ட்டு வரைக்கும் போவேன். அடிச்சிருந்தா, சரி, ஒத்துக்கிட்டுச் சீக்கிரம் வெளிய வரட்டும். நான் அவரு மேல குப்புற விழுந்ததோட மயங்கிட்டேன், ஒண்ணும் பாக்கல. டியூஷன்ல ஜெபம் பண்ணும்போது நான் கவனிச்சிருக்கேன், நீங்க ஒரு ஆளு மட்டும் கண்ணை முழிச்சுக்கிட்டு இருப்பிய. நீங்க பாத்திருப்பிய. யாரு அண்ணாச்சி அடிச்சா?"

விளக்குமாத்தை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன் சார். நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. ஐயரம்மாட்டச் சொன்னவன்தானே நான், கோயில் நிறைய ஆளுக்கு முன்னால சொன்னவன்தானே, ஏட்டையாகிட்டச் சொன்னவன்தானே. அவ கண்ணு ரெண்டும் என் மூஞ்சியிலேயே நிக்கி. நான் மட்டும் நாந்தான்னு சொல்லியிருந்தா, அவ ஆமென் சொல்ல மாட்டா. என் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு நேரே கோர்ட்டுக்குப் போயிருப்பா.

"அன்னைக்கு நானும் கண்ணை மூடிட்டேன் மாரிக்கனி"ன்னேன்.

"அப்ப அவருதான்"னா. என்கிட்ட இல்ல, தனக்குத்தானே சொல்லிக்கிட்டா. "முதல்ல எங்கிட்ட நானா இருக்காதுன்னு சொன்னாரே, நானும் நம்பிக்கிட்டு இருந்தேனே"ன்னா. சேலையை உதறிக்கிட்டுப் போயிட்டா. அந்த வாரமே ஜெயிலுக்குப் போயி, அவரைக் கம்பிக்கு அந்தப் பக்கம் வச்சுத் திட்டு திட்டுன்னு திட்டி, ஒத்துக்கிடச் சொல்லியிருக்கா. அவ சொன்ன பொறவு அவருக்கும், நாமதான் போலன்னு ஆயிருச்சு. போன செவ்வாய்க்கிழமை ஜட்ஜ் முன்னால நின்னு, "ஆமா, நாந்தான் அடிச்சேன்"னு சொல்லிட்டாரு. வர்ற வெள்ளிக்கிழமை எத்தனை வருஷம்னு தெரியும். ஐயரம்மாவும் பேராசிரியரும் இப்ப காலனிக்குப் போயிருக்கது கூட, அவளுக்கு ஆறுதல் சொல்லத்தான்.

நான் இதுல என்ன சார் பண்ண முடியும்? ஒளிச்சு வச்சேனா? நீங்களே சொல்லுங்க, யார்ட்டத்தான் நான் சொல்லல? இப்ப உங்ககிட்டயும் ஒண்ணு விடாமச் சொல்லிட்டேன். பேனாவை ஏன் கீழ வச்சிட்டிய? எழுதுங்க, தாராளமா எழுதுங்க, பத்திரிகையில போடுங்க. உலகத்துக்கு உண்மை தெரியட்டும். என் பேரு மட்டும் வேண்டாம். மாரிக்கனிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும்.